கழுவக்கூடாத வளையங்கள்

கறுப்பு டிரம்மின் நான்கு கொக்கிகளையும் விஜிதரன் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டான். மூடி இறுகியிருந்தது. டிரம்மை இரண்டு முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மூடியை அசைத்து அசைத்து இழுத்தான். அது கழன்றதும் ஆற்றுச் சேற்றின் வாடை எழுந்தது. நாகலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முதல் தடவை திருப்பியிருந்தாள். இப்போது எட்டு மாதம் ஆகிவிட்டது, பழகிப்போயிருந்தது.

சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் சீமெந்துத் தரையில் இருவரும் குந்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி நிறைய மீன்தொட்டித் தண்ணீர். உடப்புசல்லாவைப் பக்கமிருந்து ஏறிய பனி தேயிலை மலையை மூடி, பங்களாவின் புகைக்கூண்டு வரை வந்துவிட்டிருந்தது.

ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய துரை குடியிருந்த பங்களா அது. இப்போது ஒன்பது அறைகள் கொண்ட ஓட்டல். வாங்கிய வெள்ளைக்காரர் லண்டனில் இருந்தார். வருடத்தில் ஒரு முறை வருவார். அவரையும் எல்லோரும் துரை என்றே சொன்னார்கள். முன்கூடத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, கொழும்பிலிருந்து பதினான்கு தங்கமீன்களை இறக்கியதும் அவர்தான். இந்தக் குளிருக்குத் தங்கமீன்தான் தாங்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தொட்டியின் அடியில் ஒரு அலுமாரி. அதற்குள்ளே இருந்த இந்த டிரம்தான் இரவு பகலாகத் தண்ணீரை இழுத்து, வடித்து, மேலே அனுப்பிக்கொண்டிருந்தது.

விஜிதரனைத் தோட்டக்காரன் என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். கொழும்பில் ஒரு அலங்கார மீன்கடையில் ஆறு வருடம் இருந்தவன். நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் கடையை மூடிவிட்டார்கள், ஊருக்கு வந்துவிட்டான். தொட்டி வந்த பிறகு அதைப் பார்ப்பதும் அவன் வேலையாயிற்று. நாகலெட்சுமி பதினாறு வருடம் இதே மலையில் கொழுந்து பறித்தவள். முழங்கால் தேய்ந்தபின் பங்களாவில் கூட்டித் துடைக்கச் சேர்ந்திருந்தாள். வாளி தூக்கிக் கொடுக்க வந்து, டிரம்முக்குள்ளிருக்கும் தட்டுகளை அடுக்கவும் கற்றுக்கொண்டாள்.

"கீழ்த் தட்டுல என்னாக்கா?" என்றான் விஜிதரன். மனைவியின் பிரசவத்துக்காக நாளையிலிருந்து ஐந்து நாள் அவன் இருக்கமாட்டான். அதனால் பரீட்சை வைப்பதுபோலக் கேட்டான்.

"தடிச்ச ஸ்பொஞ்சு. ஓட்டை பெருசா இருக்கிறது."

"ஏன் அது கீழ?"

"தண்ணி கீழருந்துதானே மேல ஏறி வருது. பெரிய அழுக்கெல்லாம் அதுலயே நின்னுரும்."

"நடுவுல?"

"வளையம்."

"மேல?"

"பஞ்சு. பஞ்சு மட்டும் புதுசு மாத்தணும். ஸ்பொஞ்ச இந்தத் தொட்டித் தண்ணியில புழிஞ்சு எடுக்கணும். பைப்புத் தண்ணி ஆகாது."

"வளையம்?"

"ஒரே ஒரு முக்கு. தேய்க்கக் கூடாது."

அவன் சிரித்தான். நடுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். விரல் கணு அளவில் பீங்கான் வளையங்கள், நூற்றுக்கணக்கில். வாங்கியபோது வெள்ளையாக இருந்தவை இப்போது தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுப்பாக, தொட்டால் வழுக்கின.

"பாக்கிறவங்களுக்கு இது அழுக்கு. ஆனா இதுலதான் உசிரு இருக்கு. மீனு போடுற கழிவு தண்ணியில வெசமா மாறிரும். அந்த வெசத்தத் தின்னுற கிருமி இந்த வளையத்துலதான் குடியிருக்கு. இங்கத்தக் குளிருல அது வளர ரெண்டு மாசம் எடுத்துச்சு. கழுவுனா ஒரு நாள்ல போயிரும்."

வாளியில் தட்டை ஒரு முறை அமிழ்த்தி எடுத்தான். தண்ணீர் சொட்டி முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஷாமிலாவுக்கு எத்தனாம் தேதி?" என்றாள் நாகலெட்சுமி.

"நாளைக்கே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. நுவரெலியாவுல. போன தடவ புள்ள தங்கலயே, அதான் முன்னுக்கே வரச் சொல்றாங்க." மூடியின் ரப்பர் வளையத்தைத் துணியால் துடைத்து, வாஸ்லின் தடவினான். "எனக்குத்தான் கையி காலு ஓடல. அவ நல்லாத்தான் இருக்கா."

"எல்லாம் நல்லபடியா நடக்கும். இத நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா."

வெள்ளிக்கிழமை பகல், பிரதாபன் கூடத்தைச் சுற்றி வந்தார். ஓட்டலின் மேனேஜர். நுவரெலியா பஜாரில் மூன்று தலைமுறையாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பில் ஓட்டல் படிப்பு படித்துவிட்டு வந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். சனிக்கிழமை துரையின் சிநேகிதர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். ஜன்னல் விளிம்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தபடி வந்தவர், தொட்டியின் முன்னால் நின்று மூக்கைச் சுளித்தார். குனிந்து அலுமாரியைத் திறந்தார்.

"நாகலெட்சுமி, இங்க வாங்க. என்னா இது நாத்தம்?"

"பில்டரு சார். புதன்கிழமதான் விஜி தம்பியும் நானும் பாத்தோம்."

"தூக்கிட்டு வாங்க, பாப்போம்."

அவள் குழாய்களின் வாயை அடைத்து, கரண்டை நிறுத்தி, டிரம்மை இடுப்பில் ஏந்திப் பின்பக்கம் கொண்டுபோனாள். பிரதாபன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடி திறந்து நடுத் தட்டு வெளியே வந்ததும் ஓரடி பின்னால் போனார்.

"சீ! இதுவா தண்ணிய சுத்தம் பண்ற சாமான்? சாக்கடைக் காணு மாதிரி இருக்கு. இத வச்சுக்கிட்டா கூடத்துல ஆளுங்கள வரவேற்கிறது?"

"அது அப்பிடித்தான் சார் இருக்கணும். கழுவக் கூடாதாம். அதுல இருக்கிற கிருமிதான் மீன..."

"கிருமியா? ஓட்டல்ல கிருமிய வச்சிருக்கணுமா?" அவர் கத்தவில்லை. களைப்போடு சொன்னார். "குளியலறைக்குப் போடுற குளோரின் இருக்குல்ல? சுடுதண்ணியில கலந்து எல்லாத்தையும் ஊறப் போடுங்க. வெள்ளையா வரணும்."

"விஜி தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்."

"கேளுங்க."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சிங்களத்தில் ஒரு பெண்குரல் சொன்னது.

"அவன் லீவுல போனவன். இங்க நான்தானே மேனேஜர்?" என்றார் பிரதாபன். "நாலு மணிக்கு வந்து பாப்பேன்."

நாகலெட்சுமி தட்டைத் திரும்பத் தரையில் வைத்தாள். மகள் லோஜினி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் இருந்தது. கணவன் செல்லசாமி கொழும்புச் சந்தையில் மூட்டை தூக்குகிறவன். வருவதும் வராததும் அவன் இஷ்டம். சமையலறையில் போய்ச் சுடுதண்ணீர் கேட்டாள்.

குளோரின் ஊற்றியதும் வளையங்களிலிருந்து பழுப்பு நூல்நூலாகக் கழன்று மேலே வந்தது. அரை மணியில் எல்லாம் எலும்பு போல வெளுத்துவிட்டன. குளோரின் வாடையாவது போகட்டும் என்று ஏழு தண்ணீர் மாற்றி அலசினாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே அடுக்கினாள்: ஸ்பொஞ்சு, வளையம், பஞ்சு. நாலு மணிக்கு வந்த பிரதாபன், "பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் சுத்தம்" என்றார்.

சனிக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் காலைப் பலகாரத்துப் பாண் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தொட்டியில் போட்டார்கள். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன, பிள்ளைகள் கைதட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல நாகலெட்சுமிக்கு ஆங்கிலம் வரவில்லை. வரவேற்பு மேசையிலிருந்த நிஷாந்தியைப் பார்த்தாள். அவள் பிரதாபனைப் பார்த்தாள். பிள்ளைகளைத் தடுக்க வேண்டாமென்று அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் நின்று மூச்சுக்கு அலைந்தன. பெரிய மீனின் வாலில் சிவப்பாக இரத்தக் கோடுகள் ஓடியிருந்தன. நாகலெட்சுமி பண்டகசாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை விஜிதரன் எடுத்தான்.

"அக்கா! பொம்பளப் புள்ள. இப்பத்தான், ஒரு மணித்தியாலம் இருக்கும். ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க. ரெண்டு கிலோ அறுநூறு." அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. "என் கையில குடுத்தாங்கக்கா."

"நல்லா இருக்கட்டும். ஷாமிலா எப்பிடி?"

"மயக்கம் தெளியல இன்னும். நல்லாருக்கான்னுதான் சொல்றாங்க."

சொல்லாமல் போனை வைத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. பிறகு சொன்னாள். குளோரின், சுடுதண்ணீர், வளையம், பாண். அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒங்கள குத்தம் சொல்லலக்கா," என்றான் கடைசியில். "தீனி ஒண்ணும் போட வேணாம். தொட்டியில மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டு, ஒரு நாள் புடிச்சு வச்ச தண்ணி ஊத்துங்க. சாயந்தரமும் அதேமாதிரி. நான் இவள விட்டுட்டு வர ஏலாது."

ஆனால் வாளியோடு கூடத்துக்கு வந்தவளைப் பிரதாபன் தடுத்துவிட்டார். விருந்தாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பளத்தில் தண்ணீர் சிந்தும், அவர்கள் வெளியே போனபின் பார்க்கலாம் என்றார். மழை பிடித்துக்கொண்டதால் அவர்கள் அன்றைக்கு வெளியே போகவேயில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மீன்கள் மிதந்தன. சின்னப் பிள்ளை ஒன்று கண்ணாடியருகே நின்று அழுதது. அதன் தாய் போனில் படம் எடுத்தாள். பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து அழைப்பு வந்தது.

அலுவலகத்துக்குள் கூப்பிடுமுன் பிரதாபன் நாகலெட்சுமியை ஓரமாக நிறுத்தினார்.

"துரை கேக்கிறாரு. விஜிதரன் சொல்லித் தந்த மாதிரி செஞ்சேன்னு சொல்லிருங்க. அவன்தானே ஒங்களுக்குச் சொல்லித் தந்தது? அதுல பொய் ஒண்ணுமில்லையே."

அவள் அலுவலகத்துக்குள் போனாள். மேசையில் கணினியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நிஷாந்தி நின்றாள். திரையில் துரையின் நரைத்த தலையும் பின்னால் ஒரு ஜன்னலும் தெரிந்தன. அவர் நாகலெட்சுமியைப் பார்த்துக் கையசைத்தார். ஏதோ கேட்டார். கோபக்காரர் போலத் தெரியவில்லை.

"என்னா நடந்துச்சுன்னு ஒங்க வாயால சொல்லச் சொல்றாரு," என்றார் பிரதாபன்.

நாகலெட்சுமி முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"துரை, அந்த வளையத்தக் கழுவக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தம்பி எனக்கு நல்லாச் சொல்லித்தான் குடுத்துச்சு. மேனேஜரு சாருதான் குளோரின் போட்டுக் கழுவச் சொன்னாரு. வேணாம்னு சொன்னேன். கேக்கல. கழுவுனது நான்தான். தம்பி அன்னைக்கு இங்க இல்ல. ஆஸ்பத்திரியில இருந்துச்சு."

சொல்லி முடிக்கும் வரை அவள் திரையையே பார்த்தாள். பிரதாபனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரையின் பக்கம் சாய்ந்து, நிதானமாக, ஆங்கிலத்தில் பேசினார். நாகலெட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சொற்களுக்காகக் காத்திருந்தாள். குளோரின் வந்தது. அதற்குமுன் விஜிதரன் என்று வந்தது. பிறகும் விஜிதரன். மறுபடியும் விஜிதரன். அவள் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை; தம்பி என்றுதான் சொன்னாள். மேனேஜர் என்ற சொல் வரவேயில்லை.

"நோ," என்றாள் அவள். சத்தமாகவே வந்தது. "நோ விஜிதரன். சார்... சார் குளோரின்." பிரதாபனைக் கையால் காட்டினாள்.

துரை புருவத்தை உயர்த்தினார். பிரதாபன் மெல்லச் சிரித்து, இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். துரையின் முகம் இளகியது. நாகலெட்சுமியைப் பார்த்து, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றார். திரை அணைந்தது.

நிஷாந்தி அதுவரை தலை நிமிரவில்லை.

பகலில், படுக்கை விரிப்புகள் மடிக்கும் அறைக்குள் நிஷாந்தி வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள்.

"அக்கா, நீங்க சொன்னத அவரு சொல்லல."

"தெரியும் புள்ள. என்னா சொன்னாரு, அதச் சொல்லு."

"குளோரின் போட்டுக் கழுவணும்னு விஜி அண்ணன்தான் ஒங்களுக்குச் சொல்லிட்டு லீவுல போனாருன்னு சொன்னாரு. நீங்க படிக்காத மனுசி, அவரு சொன்னத நம்பிச் செஞ்சுட்டீங்களாம். அப்புறம் நீங்க நோ நோன்னு கத்துனீங்கள்ல? அதுக்கு, விஜிய வேலைய விட்டு நிறுத்த வேணாம்னு நீங்க கெஞ்சுறதா சொன்னாரு. ஒங்களுக்கு நல்ல மனசுன்னு தொரை சொன்னாரு."

நாகலெட்சுமி மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நீ பக்கத்துலதானே நின்ன. ஒனக்கு இங்கிலீசு தெரியுமே."

நிஷாந்தியின் கண்கள் கலங்கின. "எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சம்பளம் எடுக்கிறேன். விஜி அண்ணன வேலைய விட்டு நிறுத்துற கடிதத்தயும் என்னையத்தான் டைப் பண்ணச் சொன்னாரு. பண்ணிக் குடுத்துட்டேன்." அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நாகலெட்சுமி நேரே அலுவலகத்துக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க சார்."

பிரதாபன் பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்க."

"நிக்கிறேன் சார்."

"என்னையத் தூக்கிட்டா நாளைக்கு கொழும்பிலருந்து ஒருத்தன் வருவான். வந்து ஒங்க எல்லாரையும் மாத்திருவான். விஜி தொழில் தெரிஞ்சவன். எங்கயும் பொழைச்சுக்குவான். நீங்க என்னா பண்ணுவீங்க? அந்த முழங்கால வச்சுக்கிட்டு மறுபடி கூடை தூக்குவீங்களா? ஒங்க மகளுக்கு அடுத்த வருசம் பரீட்சை." அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "இனி தொட்டிய நீங்கதான் பாக்கணும். இங்க வேற யாருக்கு அது தெரியும்?"

அவள் போய் டிரம்மைத் திறந்தாள். சளியாகிக் கிடந்த பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தாள். வெள்ளை வளையங்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. ஈரக் கையில் வழுக்கி நடுத் தட்டு சரிந்து, வளையங்கள் சீமெந்துத் தரையில் நாலாபக்கமும் உருண்டன. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வேலையை எறிந்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று அந்த நேரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்து, மூடியை இறுக்கி, கரண்டைப் போட்டாள்.

மாலை தோட்டத்துத் தலைவர் வீரபத்திரனின் வீட்டுக்குப் போனாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் சங்கத்தின் சார்பில் அவர்தான் பேசுவார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஓட்டலு வேற கம்பனிம்மா. நீங்க ரெண்டு பேரும் இப்ப காலையில பேரு குடுக்கிற பெரட்டுல இல்ல, சங்கத்துல சந்தாவும் இல்ல. தோட்டத்து வேலைன்னா நான் ஆபீசுல போய் நிப்பேன். அங்க எந்த வாசல்ல போய் நிக்கிறது?"

செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு மீன்கள் செத்தன. அன்று பகல் விஜிதரன் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தான், கையில் ஃப்ளாஸ்க்கோடு. வாசல் காவலாளி அவனை உள்ளே விடாமல் கடித உறையை நீட்டியதை நாகலெட்சுமி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவன் உறையைப் பிரித்து அங்கேயே நின்று வாசித்தான். திருப்பி ஒருமுறை வாசித்தான். அவள் படியிறங்கி வாசலுக்குப் போனபோது அவன் வளைவைத் தாண்டிவிட்டிருந்தான். போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரதாபனே அவளைக் கூப்பிட்டார்.

"விஜியோட யூனிபோர்ம் ரெண்டு சட்டை வரணும். நீங்க லயத்துப் பக்கம்தானே? நாளைக்குக் காலையில வேற ஆள் வர்றான், அவனுக்குக் குடுக்கணும். கழுவிக் காயவச்சுத் தரச் சொல்லுங்க. ஈரமாக் கொண்டாந்தா எடுக்கமாட்டேன். அது வந்தாத்தான் அவனோட சேவைக் கடிதத்துல கையெழுத்து வைப்பேன்."

சேவைக் கடிதம் இல்லாமல் கொழும்பில் எந்தக் கடையும் அவனைச் சேர்க்காது. நாகலெட்சுமி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆறு நாளாக விடாத தூறல். லயத்துப் பாதையின் படிகள் வழுக்கின. பக்கத்துச் செடிகளைப் பிடித்துப் பிடித்து, ஒரு காலை வைத்து மற்றக் காலை இழுத்து இறங்கினாள்.

லயத்து வரிசையில் கடைசி அறைதான் விஜிதரனின் காம்பிரா. கதவு திறந்திருந்தது. ஷாமிலா சுவரோடு போட்ட கட்டிலில் சாய்ந்திருந்தாள். தையல் போட்ட வயிற்றில் ஒரு கையை வைத்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் பழைய சேலைத் துணிக்குள் தூங்கியது. முகம் மட்டும் தெரிந்தது. விஜிதரன் அடுப்படியில் விறகை ஊதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காருங்க என்று சொல்லவில்லை.

"கடிதத்துல ஒங்க பேரு இருக்கு," என்றான். "நான்தான் குளோரின் போடச் சொன்னேன்னு நீங்க துரைகிட்ட சொன்னதா எழுதியிருக்கு. அப்பிடியாக்கா சொன்னீங்க?"

"இல்ல தம்பி. மேனேஜருதான் கழுவச் சொன்னாருன்னு சொன்னேன். தம்பி இங்க இல்லன்னு சொன்னேன். நான் தமிழ்ல சொன்னேன், அவரு இங்கிலீசுல வேற சொல்லிட்டாரு. நிஷாந்தி பக்கத்துல நின்னுச்சு. அதுகிட்ட கேட்டுப் பாரு."

"நிஷாந்தி வந்து சொல்லுமா?"

"சொல்லாது" என்றாள்.

விஜிதரன் குனிந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளினான். அடுப்பில் ஈர விறகு சீறியது.

"எத்தன மிச்சம்?" என்றான்.

"மூணு."

"கன்னம் வெள்ளையா இருக்குமே, அது?"

"அது மொத நாளே போயிருச்சு."

அவன் தலையசைத்தான். "அதுக்குத் தனியா ஊறவச்சுத்தான் தீனி போடுவேன்," என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு, "இப்ப தொட்டிய யாரு பாக்கிறா?"

நாகலெட்சுமி குடையின் கைப்பிடியைப் பார்த்தாள். "நான்தான்."

"இவங்கதானா பாக்கிறது?" என்றாள் ஷாமிலா கட்டிலிலிருந்து. "ஒங்களுக்கு வேலை இருக்கு. எங்க வீட்டு ஆளுக்கு இல்ல. நீங்க என்னா சொன்னீங்க, அவரு என்னா சொன்னாரு, எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதாங்க்கா."

"விடு ஷாமிலா," என்றான் விஜிதரன்.

நாகலெட்சுமிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஏழு தண்ணீர் மாற்றி அலசியதை, தலைவர் வீட்டுக்குப் போனதை, நோ என்று கத்தியதை. அதையெல்லாம் விட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னாள். சட்டை. ஈரமில்லாமல். நாளைக் காலைக்குள். அப்போதுதான் கையெழுத்து.

விஜிதரன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய இரண்டு சட்டைகளையும் எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போனவை, நேற்றுத்தான் துவைத்திருந்தான். இன்னும் சில்லென்று நனைந்திருந்தன. பச்சைத் துணி, நெஞ்சில் மஞ்சள் நூலால் ஓட்டலின் பெயர்.

"வெளிய போட்டா இந்த மழைக்கு நாலு நாளானாலும் காயாது," என்றான்.

ஷாமிலா கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். நாகலெட்சுமி பிடிக்கப் போனாள். அவள் கையைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. வயிற்றை அழுத்திக்கொண்டு நாலடி நடந்து அடுப்படிக்கு வந்தாள். அடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிறு முழுக்கப் பிள்ளைக்குக் கட்டும் துணிகள், கிழித்த வேட்டித் துண்டுகள், பாதி காய்ந்தும் காயாமலும் புகையில் ஆடிக்கொண்டிருந்தன. ஷாமிலா அவற்றை ஒவ்வொன்றாக உருவி, கீழே இருந்த பேசினில் போட்டாள். வெறுமையான கயிற்றில் இரண்டு சட்டைகளையும் விரித்து, மஞ்சள் எழுத்து தீயின் பக்கம் இருக்கும்படி இழுத்துவிட்டாள். சட்டைக் கைகளின் நுனியிலிருந்து ஆவி கிளம்பியது.

கட்டிலில் பிள்ளை சிணுங்கி, பிறகு வீரிட்டு அழத் தொடங்கியது. நனைத்துவிட்டிருந்தது. விஜிதரன் பேசினிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் பார்த்தான். இன்னொன்று. ஷாமிலா அடுப்பருகே நின்றபடி, ஒரு சட்டையின் மற்றப் பக்கத்தை நெருப்புக்குத் திருப்பிப் போட்டாள்.